பாத்துக் கீறின படத்துக்கும் ஒரு சுவர் விடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கட வாசகர் பக்கத்தில ஒருத்தர் எழுதியிருந்தார், எங்கட பக்கத்துச் சித்திரக் கண்காட்சியளில வெள்ளைக்காரன்ர பழைய படங்களைப் பாத்துக் கீறிக் கொண்டுவந்து மாட்டுகினம், இது கலையே இல்லை, வெறும் கொப்பி, சொந்தமாக் கீறத் தெரியாதவையின்ர வேலை, இனிமேல் உதுகளை வாசலோட திருப்பி அனுப்பவேணும் எண்டு. அவர் சொன்னதில ஒரு பாதி எனக்கும் உடன்பாடு, அதைப் பிறகு சொல்லுறன். மற்றப் பாதிக்குப் பதில் சொல்லாமல் விட்டால், இஞ்ச ஆரும் சொல்லித்தராமல் தாங்களாகவே ஒயில் பெயின்றிங் பழகிற பெடியள் பெட்டையளின்ர வாயை அடைக்கிற மாதிரிப் போயிடும், அதுதான் எழுதுறன், கொஞ்சம் நீளமா வந்தாலும் வெட்டாமல் போடுங்கோ.

நான் முள்ளியவளை. போர்ட் எழுதுறது, கோயில் வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிறது, நாடகத்துக்குச் சீன் கீறுறது எண்டு சீவியம் முழுக்க இனாமல் பெயின்றோட போனது. பிளெக்ஸ் வந்தாப்பிறகு போர்ட் எழுத ஆக்கள் கூப்பிடுறது குறைஞ்சு இப்ப இல்லையெண்டே சொல்லலாம். பின்னேரங்களில வீட்டுப் பத்திக்க பக்கத்துப் பிள்ளையள் கொஞ்சப்பேர் வந்து ஒயில் பழகுதுகள், நானும் அதுகளோட சேந்து பழகிறன் எண்டுதான் சொல்லவேணும், ஏனெண்டால் இனாமலும் ஒயிலும் ஒண்டில்லை, இனாமல் அடிச்ச கை ஒயிலுக்கு வர முதல்ல கனக்க மறக்கவேணும்.

பள்ளிக்கூடத்தில சித்திரம் ஒரு பாடமா இருக்கு, ஓஎல்லுக்கும் எடுக்கலாம் ஏஎல்லுக்கும் எடுக்கலாம், ஆனா அங்க போஸ்டர் கலர், வோட்டர் கலர், பஸ்ரல், இவ்வளவும்தான் பிள்ளையின்ர கையில வருது. ஒயில் ரியூப்பை கண்ணால காணாமலே ஏஎல் முடிச்ச பிள்ளையள் இருக்கினம். ரீச்சர்மாரைக் குறை சொல்லேல்லை, அவையளுக்கும் ஆர் பழக்கினது? வவுனியாவில இருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் ஒரு பழைய ஒயில் பெயின்றிங்குக்கு முன்னால போய் நிண்டு மூக்கு முட்டப் பாக்க எனக்குத் தெரிய ஒரு பொது இடம் இல்லை. கொழும்புக்குப் போனால் சப்புமல் நிலையத்தில 43 குழு எண்ட, 1943இல சேந்த ஓவியர்மாரின்ர படங்களைப் பாக்கலாம், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ் எண்டு. ஆனா ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்வாற காசை நினைச்சுப் பாருங்கோ. குருவும் இல்லை, மியூசியமும் இல்லை எண்ட இடத்தில பழைய மாஸ்டர் ஒருத்தற்ற படத்தை எடுத்து வைச்சு அதை அங்குலம் அங்குலமாப் பாத்துக் கீறுறதை விட வேற என்ன வழி இருக்கு எண்டு அந்தக் கடிதக்காரர் சொல்லட்டும்.

நாங்கள் எடுத்த படம் ரெம்பிராண்ட் எண்ட ஒல்லாந்து ஓவியர் 1662இல கீறினது. ஆம்ஸ்டர்டாமில துணி வியாபாரிகள் சங்கத்தில துணியின்ர தரம் பாக்கிற அதிகாரிமார் ஐஞ்சு பேரும் அவையின்ர வேலையாளும். இப்ப அது அங்க ரைக்ஸ் மியூசியத்தில தொங்குது. பேர்போன "இராக்காவல்" படமும் அவர் கீறினதுதான், அதையேன் எடுக்கேல்லை எண்டு கேப்பியள், அதில ஆக்களும் துவக்கும் ஈட்டியும் நாயும் மேளகாரனும் எண்டு ஒரு திருவிழாவே நிக்குது, பழகிறவனுக்குத் தலை சுத்தும். இந்தப் படத்தில ஆறே ஆறு முகம், ஒரு மேசை, மேசையில ஒரு சிவப்புக் கம்பளம், ஒரு புத்தகம், பின்னால பலகைச் சுவர். பாத்த உடன பிள்ளையளுக்குப் பிடிச்சுப் போச்சு, ஏனெண்டால் எங்கட கூட்டுறவுச் சங்க நிர்வாகக் கூட்டம் நடக்கேக்க இடையில ஆரோ கதவைத் திறந்தால் எல்லாரும் நிமிந்து பாப்பினமே, அப்பிடியே இருக்கு. ஒருத்தர் கதிரையால பாதி எழும்பினபடி, எழும்பிறாரா இருக்கிறாரா தெரியாது. நடுவில இருக்கிறவர் கையை விரிச்சுப் புத்தகத்தைக் காட்டுறார். ஐஞ்சு பேருக்கும் பெரிய கறுத்தத் தொப்பி, பின்னால நிக்கிற வேலையாளுக்கு மட்டும் தொப்பி இல்லை, அதில இருந்தே ஆர் அதிகாரி ஆர் எடுபிடி எண்டு விளங்கும்.

ஒரு தனி முகத்தைக் கீறிப் பழகாமல் ஏன் ஆறு முகம்? இதுதான் நான் முக்கியமாச் சொல்ல வந்தது. தனி முகத்தில எவ்வளவு பிழை விட்டாலும் தப்பிக்கலாம், வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் குறைச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது, பக்கத்தில ஒப்பிட்டுப் பாக்க ஒண்டும் இல்லை. ஆறு பேர் ஒரே யன்னல் வெளிச்சத்தில இருக்கேக்க அப்பிடிச் செய்யேலாது. வெளிச்சம் இடப்பக்கத்தால வருது, ஆருக்கு எவ்வளவு விழுது எண்டு ஒவ்வொரு நெத்தியும் கணக்குச் சொல்லும். ஒரு பெடியன் முதல்ல வெள்ளைக் கொலர் எல்லாத்தையும் ரியூப்பில இருந்த வெள்ளையால அடிச்சுப் போட்டான். கொலர் எல்லாம் படத்தை விட்டு வெளியால வந்து நிக்குது, முகங்கள் பின்னுக்குப் போட்டுது. போனில பெருசாக்கிப் பாக்கச் சொன்னன். வடிவாப் பாத்தால் அந்தக் கொலருகளில சுத்த வெள்ளை எண்டு சொல்லக்கூடிய இடம் விரல் நுனி அளவுதான், மற்றதெல்லாம் சாம்பல், மண்ணிறம், கொஞ்சம் மஞ்சள், நிழல் விழுற இடத்தில பாத்தால் பழைய வேட்டி நிறம். ஒரு கொலரைத்தான் அந்த மனிசன் ஆகலும் வெள்ளையா விட்டிருக்கிறார், மற்றதெல்லாம் அதுக்குக் கீழ படி படியா இறங்குது. இதை நான் வாயால சொல்லியிருந்தால் அவனுக்கு ஏறியிருக்காது. கீறி, பிழைச்சு, துணியால துடைச்சு, திரும்பக் கீறேக்கதான் ஏறினது.

அதே மாதிரித்தான் கறுப்பும். ஆறு பேரும் போட்டிருக்கிறது கறுப்பு உடுப்பு. ஐவரி பிளாக் எண்ட கறுப்பு ரியூப்பை நேர பிதுக்கி அடிச்சால் படத்தில கிணறு வெட்டின மாதிரி ஓட்டைதான் தெரியும், ஆள் தெரியாது. வெளிச்சம் படுற பக்கத்துக்கு கறுப்போட பேர்ன்ற் அம்பர் எண்ட கடும் மண்ணிறம் சேக்கவேணும், தோள் வளையிற இடத்தில துளி வெள்ளையும் மஞ்சள் ஓக்கரும், நிழலுக்க போகேக்க மெல்லிசா, அடியில இருக்கிற மண்ணிறம் தெரியிற மாதிரி. சில இடத்தில உடுப்பு எங்க முடியுது பின்சுவர் எங்க தொடங்குது எண்டு தெரியவே தெரியாது, ரெண்டும் ஒண்டுக்க ஒண்டு கரைஞ்சு போகுது. போர்ட் எழுதின எனக்கு இதுதான் சரியான கஷ்டம், எங்கட தொழிலில விளிம்பு கத்தியால வெட்டின மாதிரி இருக்கவேணும், இஞ்ச விளிம்பைத் தொலைக்கப் பழகவேணும். அந்தக் கம்பளம் வேற மாதிரி, அதில பெயின்ற் கட்டி கட்டியா ஏறி நிக்குது, கிட்ட நிண்டால் சேறு, ஆறடி தள்ளி நிண்டால் நூல் நூலாத் தெரியும். ஒரே படத்தில மெல்லிசும் தடிப்பும் ரெண்டையும் பழகலாம்.

சாமான் விசயத்தையும் சொல்லிவிடுறன், ஆரும் தொடங்க நினைச்சால் உதவும். கனக்க ரியூப் தேவையில்லை, வெள்ளை, மஞ்சள் ஓக்கர், பேர்ன்ற் அம்பர், ஐவரி பிளாக், ஒரு சிவப்பு, இந்த ஐஞ்சோட இந்தப் படத்தில பெரும்பகுதியைக் கீறலாம், நீலம் வேணுமெண்டால் கறுப்பும் வெள்ளையும் கலந்து மண்ணிறத்துக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ, கண்ணுக்கு நீலமாத்தான் தெரியும். கன்வஸ் வாங்க ஏலாட்டி ஹார்ட்போர்ட் காணும், ஆனா வெறும் பலகையில ஒயிலை அடிக்கக்கூடாது, பலகை எண்ணெயைக் குடிச்சுப் பெயின்ற் செத்துப்போகும், பிறைமர் எண்ட அடிப்பூச்சு அடிச்சு சாண்ட் பேப்பர் போட்டு எடுக்கவேணும். முதல் பூச்சில எண்ணெய் குறைவா, மேல போகப் போகக் கூட, மாறிச் செய்தால் பிறகு வெடிக்கும். அம்பர் கெதியாக் காயும், அதுக்க மங்கனீசு இருக்கு, ஐவரி பிளாக் காய நாளெடுக்கும், அதால காயாத கறுப்புக்கு மேல அவசரப்பட்டு அம்பரை ஏத்தாதேங்கோ. ஒயில் பெயின்றுக்குக் கலக்கிற லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய்க்குப் பதிலா நல்லெண்ணெய் தேங்காயெண்ணெய் ஒண்டையும் கலக்கக்கூடாது, தேங்காயெண்ணெய் சென்மத்துக்கும் காயாது, பிறஸ் துப்புரவாக்க மட்டும் நல்லது, பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவிவிடவேணும். இன்னொண்டு, லின்சீட் துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில எறியிறது இஞ்சத்த வெயிலுக்குச் சரியான ஆபத்து, அது தானாச் சூடேறி நெருப்புப் பத்தும், தண்ணிக்க ஊறப்போட்டு, பிறகு வெளியால விரிச்சுக் காயவிட்டு எறியுங்கோ. கிடுகு வேலி, ஓலைக் கொட்டில் உள்ள வீடுகளில இதைக் கட்டாயம் பாக்கவேணும். சோளகத்துக்க கீறினால் தூசி வந்து ஒட்டும், மாரிக்க கீறினால் காயாமல் பிசுபிசுக்கும், எதிலயும் ஒரு தொல்லை இருக்கத்தான் செய்யும்.

அளவு விசயத்திலயும் கவனம். அசல் படம் 191.5 சென்ரிமீற்றர் உயரம், 279 சென்ரிமீற்றர் அகலம். மூண்டில ஒண்டா எடுத்தால் எங்கட வீட்டுக்க வைக்கக்கூடிய அளவு வரும். கடையில வாற 24க்கு 36 அங்குலக் கன்வஸ் இந்தக் கணக்குக்குச் சரிவராது, 24க்கு 35 எண்டால்தான் பொருந்தும். ஒரு அங்குலம்தானே எண்டு, பாத்துக் கீறப் போடுற கட்டத்தை இழுத்து நிரப்பினால் ஆறு பேரும் கொஞ்சம் கொஞ்சம் கொழுத்துப் போவினம், அந்த ஒரு அங்குலத்தில ரேப்பை ஒட்டிவிட்டால் காணும்.

படத்தை எங்க எடுக்கிறது? ரைக்ஸ் மியூசியமே தன்ர படங்களைப் பெரிய அளவில இலவசமா விட்டிருக்கு, ஆரும் இறக்கலாம். "இராக்காவல்" படத்தை 2022இல 71,700 கோடி பிக்சலில படமெடுத்துப் போட்டிருக்கினம், பெயின்றில விழுந்த வெடிப்புக் கூட மயிர் மயிராத் தெரியும். போனில டேற்றா போட்டுப் பாக்கலாம், கவரேஜ் வாற இடத்தில நிண்டால். நாங்கள் முழுப் படத்தையும் கிளிநொச்சியில பிளெக்ஸ் கடையில அடிச்சு எடுத்தம். என்ர தொழிலை விழுங்கின மெசினே எனக்கு ரெம்பிராண்டை அடிச்சுத் தந்தது, சிரிக்கிறதா அழுகிறதா தெரியேல்லை. பிளெக்ஸில சிவப்பு எரிஞ்சு போகும், கறுப்புக்க ஒண்டும் தெரியாது, அது கோடு பிடிக்க மட்டும்தான் உதவும். நிறத்துக்கு முகம் முகமா போட்டோ பேப்பரில வேற அடிச்சு எடுத்தால் நல்லது, அதிலயும் சந்தேகம் வந்தால் போனைப் பாருங்கோ.

இனிக் கொப்பி எண்ட கதைக்கு வாறன். ரூபன்ஸ் எண்ட ஓவியர் ஐரோப்பா முழுக்கப் பேர் எடுத்து ஐம்பது வயசு தாண்டினாப்பிறகு 1628, 1629இல மாட்ரிட்டில தங்கியிருந்து, தனக்கு முந்தின இத்தாலி ஓவியர் டிசியானோவின்ர படங்களைப் பாத்துக் கீறிக்கொண்டு இருந்தவர். அவருக்குச் சொந்தமாக் கீறத் தெரியாதா? வான் கோக் 1889, 1890இல சென் ரெமி மருத்துவமனையில இருக்கேக்க பிரெஞ்சு ஓவியர் மிலேயின்ர படங்களை, ரெம்பிராண்டின்ர லாசரு உயிர்க்கிற படத்தை எல்லாம் பாத்துக் கீறினவர், அவர் கையில இருந்ததும் அசல் இல்லை, கறுப்பு வெள்ளை அச்சுப் படங்கள், நிறத்தை அவரே போட்டவர். எங்கட நிலைமையும் அதேதான், எங்களுக்கு நிறத்தோடயாவது கிடைக்குது. எங்கட பக்கத்தில ரவி வர்மாவை எடுங்கோ. அவற்ற லட்சுமியும் சரஸ்வதியும் அச்சில வந்து எங்கட சாமி அறையள் முழுக்க நிறைஞ்சு போய்க் கிடக்கு. திருவனந்தபுரத்து அரண்மனைக்கு 1868இல தியோடர் ஜென்சன் எண்ட வெள்ளைக்கார ஓவியர் வந்து கீறேக்க, அந்தாள் ரவி வர்மாவுக்குச் சொல்லிக்குடுக்க மாட்டன் எண்டுட்டுது, பக்கத்தில நிண்டு பாக்க மட்டும்தான் விட்டது. அப்பிடிப் பாத்துப் பாத்துப் பழகின கைதான் அது.

கொப்பியால அசலே தப்பின கதையும் இருக்கு. "இராக்காவல்" 1642இல கீறினது, 1715இல ஆம்ஸ்டர்டாம் நகரசபைக்கு மாத்தேக்க சுவரில கொள்ளேல்லை எண்டு நாலு பக்கத்தாலயும் வெட்டிப் போட்டாங்கள், இடப்பக்கத்தில ஆக்களோட சேத்து வெட்டினது. வெட்டின துண்டுகள் எங்க போச்சுது எண்டு இண்டைக்கும் இல்லை. ஆனா அதுக்கு முந்தியே கெரிட் லுண்டென்ஸ் எண்டவர் அந்தப் படத்தைப் பாத்துச் சின்னதா ஒரு கொப்பி கீறி வைச்சிருந்தவர். 2021இல மியூசியக்காரர் அந்தக் கொப்பியை வைச்சுத்தான் கம்பியூட்டரால காணாமல் போன பக்கங்களை உண்டாக்கி அசலுக்குப் பக்கத்தில ஒட்டிக் காட்டினவை. எத்தினை படம், எத்தினை புத்தகம், எத்தினை போட்டோ அல்பம் இடம்பெயர்வுக்க போச்சு எண்டு எங்கட சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆராவது ஒருத்தர் பாத்துக் கீறி வைச்சிருந்தால் எண்டு நினைக்காத ஆள் இஞ்ச இருக்குமோ.

"வெள்ளைக்காரன்ர படம் எங்களுக்கு எதுக்கு" எண்டும் அந்தக் கடிதத்தில ஒரு வரி இருந்தது. ரெம்பிராண்ட் கடனில முறிஞ்சு அவற்ற வீடு 1658இல வித்துப் போச்சு, அதே 1658இலதான் யாழ்ப்பாணம் ஒல்லாந்தற்ற கையில விழுந்தது. இந்தப் படத்தில இருக்கிறவை மேசையைச் சுத்தி இருந்து ரெம்பிராண்டுக்கு முகம் காட்டின காலத்தில அவையின்ர நாட்டு வியாபாரக் கொம்பனி எங்கட வன்னியை ஆண்ட தலைவர்மாரான வன்னியரிட்ட யானை திறையா வாங்கிக்கொண்டு இருந்தது, துணிக்குச் சிவப்பு ஏத்துற சாயவேரைத் தோண்டுவிச்சுக்கொண்டு இருந்தது. இன்னும் ஒண்டு இருக்கு. அந்த ஐஞ்சு அதிகாரிமாரும் ஒரே சமயப் பிரிவில்லை, ரெண்டு பேர் கத்தோலிக்கர், மற்றவை வேற வேற புரட்டஸ்தாந்துப் பிரிவு, அங்க ஒரு மேசையில ஒண்டா இருந்து துணி பாக்கினம். அதே ஆக்களின்ர கொம்பனி இஞ்ச கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்து விரட்டிக்கொண்டு இருந்தது, மாந்தையில இருந்த சனம் மாதாவின்ர சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கால ஓடி மருதமடுவில வைச்சதும் அந்தக் காலத்துக் கதைதான். இதை ஒரு பிள்ளைக்குச் சொன்னாப்பிறகு அந்தப் பிள்ளை அந்த முகங்களைப் பாத்த பார்வையே மாறிப்போச்சு, "அப்ப உவையள் நல்ல ஆக்களோ கூடாத ஆக்களோ" எண்டு கேட்டுது. நான் கீறு, கீறேக்க தெரியும் எண்டு சொல்லித் தப்பிவிட்டன். யானையும் சாயவேரும் கொண்டு போனவங்கள், நாங்கள் ஒரு படத்தைப் போனில இறக்கினால் என்ன குடிமுழுகிப் போகுது?

அந்த மனிசன் கடன்பட்டு முறிஞ்சு, வீடு போய், 56 வயசுக் கிட்ட கீறின படம் இது எண்டதையும் பிள்ளையள் அறியவேணும். கீறமுதல் பேனையால ஆக்களை ஒத்திகை பாத்துக் கீறின படங்கள் இருக்கு, கணக்குப் புத்தகத் தாளில கீறியிருக்கிறார். எக்ஸ்றே எடுத்துப் பாத்தால் அந்த வேலையாளை ஒரு இடத்தில வைச்சு, சரிவராமல் வேற இடத்துக்கு மாத்தி, திரும்பவும் மாத்தி எண்டு கனதரம் இழுத்தடிச்சிருக்கிறார் எண்டு தெரியுது. பாத்துக் கீறுறவனுக்கு இது பெரிய பாடம். அந்த ஆளை ஒரு கடதாசித் துண்டால மறைச்சுப் பாருங்கோ, அஞ்சு தொப்பியும் ஒரே ஓட்டத்தில போகும், நடுவில மூச்சு விட இடம் இருக்காது. திரும்ப எடுத்தால் படம் எழும்பும்.

இது வெறும் கதையில்லை எண்டதுக்குச் சொல்லுறன். எங்களோட பழகிற ஒரு பிள்ளை இந்தப் படத்தைப் பாதிக்கு மேல கீறி முடிச்சாப்பிறகு தானாவே ஒண்டு தொடங்கினது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம். பிளாஸ்ரிக் மேசை, மேசையில மேசைவிரிப்பு கூட இல்லை, ஒரு கூட்ட அறிக்கைப் புத்தகம், ஒரு பிளாஸ்க், சுத்திவர அம்மாமார். யன்னல் இடப்பக்கம். செயலாளர் அன்ரி பேனையை மூடிக்கொண்டே நிமிந்து பாக்கிறா, பொருளாளர் அன்ரி ரிசீற் கட்டை மடியில மறைச்சு வைச்சிருக்கிறா, பின்னால ரீ கொண்டுவாற பிள்ளை. அந்த ரீ கொண்டுவாற பிள்ளையை முதல்ல வலப்பக்க ஓரத்தில நிப்பாட்டினது, பிறகு தானே துடைச்சுப் போட்டு நடுவுக்குக் கொண்டுவந்தது, ஏனெண்டு கேட்டதுக்கு "அங்க நிண்டால் படம் சரியுது மாமா" எண்டுது. கை விரல்கள் இன்னும் வாழைக்காய் மாதிரித்தான் இருக்கு, அது பரவாயில்லை. ஆனா ஏழு பேரை ஒரு வெளிச்சத்தில இருத்தி ஒருத்தரை ஒருத்தர் மறைக்காமல் பாக்கவைக்கிறது எண்டது ஏஎல் புத்தகத்தை ஆயிரம் தரம் பாடமாக்கினாலும் வராத வேலை. சொந்தமாக் கீறு சொந்தமாக் கீறு எண்டு தொடக்கத்திலயே நெருக்கிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பிள்ளை இப்பவும் ரெண்டு மலை, நடுவில சூரியன், ஒரு தென்னை எண்டுதான் கீறிக்கொண்டு இருந்திருக்கும், எங்கட கண்காட்சியளில சொந்தப் படைப்பு எண்டு பரிசு வாங்கிற படங்களில எத்தினை அந்தத் தென்னைதான் எண்டு கடிதக்காரருக்கும் தெரியும்.

அவரோட உடன்படுற பாதி இதுதான். பாத்துக் கீறிப்போட்டு அடியில தன்ர பேரை மட்டும் போடுறது களவு. உயிரோட இருக்கிற ஓவியர் ஒருத்தர் பேஸ்புக்கில போட்ட படத்தை எடுத்துக் கீறி ஐயாயிரம் பத்தாயிரத்துக்கு விக்கிறது அதைவிடக் களவு, அதைச் செய்யிற ஆக்கள் இருக்கினம், எனக்கும் தெரியும். ரெம்பிராண்ட் செத்தது 1669இல, அவற்ற படத்துக்கு இப்ப காப்புரிமை இல்லை, மற்றவையின்ர படத்துக்கு அப்பிடியில்லை. பாரிசில லூவ்ர் மியூசியத்தில அசலுக்கு முன்னால இருந்து கொப்பி கீற விடுகினம், ஆனா அசலின்ர அளவில கீற விடமாட்டினம், ஐஞ்சில ஒரு பங்காவது சின்னனா அல்லது பெருசா இருக்கவேணும் எண்டு கட்டுப்பாடு. அந்தமாதிரி ஒழுங்கை இஞ்சயும் வைக்கலாம்தானே.

அதால கண்காட்சி ஒழுங்குபடுத்துறவையிட்ட என்ர கோரிக்கை இவ்வளவும்தான். பாத்துக் கீறின படங்களுக்கு ஒரு சுவரைத் தனியா விடுங்கோ. அசலைக் கீறினவற்ற பேர், வருசம், இப்ப எங்க இருக்கு எண்டது, பாத்துக் கீறினவற்ற பேர், எல்லாத்தையும் கீழ ஒட்டச் சொல்லுங்கோ, படத்துக்குப் பின்பக்கமும் எழுதச் சொல்லுங்கோ. சொந்தப் படங்களோட சேத்துப் பரிசுக்கு எடுக்காதேங்கோ, அதில எங்களுக்குக் கவலை இல்லை. போன தரம் ஒரு இடத்தில நடுவர் ஒருத்தர் பிள்ளையின்ர படத்தை ரெண்டு நிமிசம் கூடப் பாக்காமல் "இது இன்ரநெற்றில இருக்கு" எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார். இன்ரநெற்றில இருக்கிறது பிள்ளைக்கும் தெரியும் ஐயா, அதில இருந்துதான் எடுத்தது. கொலர் எப்பிடி வந்திருக்கு, கறுப்புக்க ஆள் தெரியுதா எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது பரிசை விடப் பெருசு.

பொது நூலகங்களுக்கும் ஒண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா எண்டு எங்க முடியுமோ அங்க நல்ல பேப்பரில நாலைஞ்சு பழைய ஒயில் படங்களைப் பெருசா அடிச்சு ஒரு மேசையில வையுங்கோ, சும்மா வாங்கில இருந்து பாத்துக் கீற விடுங்கோ. படம் இலவசம், அடிக்கிற செலவு ஒரு விழாவுக்கு மாலை பொன்னாடை வாங்கிற காசுக்குள்ள முடியும்.

கடைசியா, கண்காட்சித் திகதியை ஒரு கிழமைக்கு முதல் சொல்லாமல் ரெண்டு மூண்டு மாதத்துக்கு முதல் சொல்லுங்கோ, அதுவும் மாரிக்க வைக்கிறதெண்டால் இன்னும் முந்தி. ஒயில் காய நாள் வேணும். போஸ்டர் கலர் மாதிரி இண்டைக்குக் கீறி நாளைக்கு மாட்டேலாது, ஈரத்தோட கொண்டுவந்தால் பஸ்ஸில பக்கத்தில இருக்கிறவற்ற சேட்டிலதான் ரெம்பிராண்ட் ஒட்டிக்கொண்டு போவார்.

இப்படிக்கு,
பழைய போர்ட் எழுதுற ஒருத்தன்,
முள்ளியவளை.